இடது தொடையில் ரவை

இருளப்பனின் இடது தொடைக்குள் ஒரு துப்பாக்கிக் குண்டு இருந்தது. அது அவனுக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி செல்லாயிக்குத் தெரியும். வானம் இருட்டுகிறதோ இல்லையோ, அவன் தொடை கடுக்கிறது என்றால் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுவாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஆர்தருக்குத் தெரியும். விரலை வைத்து அழுத்தினால் தோலுக்கடியில் புளியங்கொட்டை மாதிரி நழுவும். கெடா மாநிலத்தில், பாடாங் செராயிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நாய்களுக்குக்கூடத் தெரியும். நொண்டி நடக்கிற சத்தம் கேட்டால் குரைக்காமல் படுத்துக்கொள்ளும். தெரியாத ஒரே இடம், கூலிமில் இருந்த குண்டடிக் காயச் சோதனைச் சபை. அந்தச் சபை ஒப்புக்கொண்டால்தான் குண்டு உண்டு.

அந்த வருஷம் 2603. ஜப்பான் கணக்கு. கொஞ்ச நாள் முன்புவரை 1941 ஆக இருந்தது. நடுவில் இருந்த வருஷங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கடிகாரத்தையும் ஒன்றரை மணி முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்திருந்தார்கள். சேவல் மட்டும் பழைய நேரத்துக்கே கூவியது.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் ரோடு போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு ஆள் பிடித்தார்கள். நாற்பது வீட்டு லயத்தில் பதினெட்டு வீடு பூட்டிக் கிடந்தது. செல்லாயியின் அண்ணன் போய் ஐந்து மாதம். ஒரு கடுதாசி இல்லை. போனவர்களில் திரும்பி வந்தவன் என்று ஒருவனையாவது காட்டு என்றால் காட்ட ஆள் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வரப்போகும் லாரிக்கான பட்டியலில் இருளப்பன் பெயர் ஏழாவதாக இருந்தது.

ஆனால் பட்டியலுக்குக் கீழே ஒரு அறிவிப்பும் இருந்தது. சண்டையில் குண்டடி பட்டு, குண்டை உடம்புக்குள் வைத்திருப்பவர்களுக்குச் சயாமிலிருந்து விலக்கு. விலக்குச் சுராட்டை, அதாவது விலக்குக் கடிதத்தை, சபை வழங்கும்.

"நம்மகிட்டதான் இருக்கே" என்றாள் செல்லாயி. இரண்டு வருஷத்தில் அந்தக் குண்டைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

குண்டு வந்த கதை சின்னது. வெள்ளைக்காரப் பட்டாளம் தெற்கே ஓட, ஜப்பான் பட்டாளம் சைக்கிளில் துரத்த, இருளப்பன் உப்பு வாங்கப் பாடாங் செராய்க்குப் போயிருந்தான். கடை திறந்து கிடந்தது, கடைக்காரரைக் காணோம். உப்பை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு வெளியே வந்தான். எங்கேயோ சுட்டார்கள். யார் சுட்டது, யாரைச் சுட்டது என்று நின்று கேட்கிற நிலைமை இல்லை. ஓடினான். நாலு கட்டையும் ஓடி, நடந்து, வீட்டுக்கு வந்து, உப்பை இறக்கி வைத்த பிறகுதான் செல்லாயி கேட்டாள், "என்னா இடுப்புல சாரம் இவ்வளவு ஈரமா இருக்கு, ஆத்துல இறங்குனியா?"

அவ்வளவுதான். அவன் விழவில்லை. இந்த ஒரு விஷயம் பின்னால் இவ்வளவு தொந்தரவு கொடுக்கும் என்று தெரிந்திருந்தால் எங்கேயாவது ஒரு பக்கமாக விழுந்து வைத்திருப்பான்.

சபைக்கு முதலில் டிரசரின் சான்று வேண்டும். ஆர்தர் இருபது வருஷமாக எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிப் பழகியவர். பேதியைக்கூட இங்கிலீஷில்தான் எழுதுவார். இப்போது இங்கிலீஷ் எதிரி பாஷை. ஜப்பான் பாஷை அவருக்கு வணக்கம் சொல்கிற அளவுக்குத்தான் வரும். மாதா கோயில் பாதிரியாரிடம் ஒரு தமிழ் அகராதியை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'குண்டு' என்று எழுதப்போய் நிறுத்தினார். பீரங்கியில் வருவதும் குண்டு, ஆகாயத்திலிருந்து போடுவதும் குண்டு. ஆகாயக் குண்டு தொடைக்குள் இருப்பதாக எவனாவது படித்துவிட்டால்? அகராதியைப் புரட்டினார். துப்பாக்கிக் குண்டுக்கு 'ரவை' என்று போட்டிருந்தது. சுத்தமான தமிழ். எழுதினார்:

"இருளப்பனின் இடது தொடையில் ரவை உள்ளது. இரண்டு வருஷமாக அப்படியே வைத்திருக்கிறார். வெளியே எடுப்பது அவருக்கு நல்லதல்ல."

சபையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியும் மொழிபெயர்ப்பாளரும் பரஞ்சோதி என்பவர். சபையின் மேலதிகாரியான ஜப்பான் காப்டனுக்குக் கடைத்தெருப் பேச்சான பசார் மலாய் தெரியும். பரஞ்சோதி தமிழை மலாயாக்கிச் சொல்வார். இந்தச் சான்றை இரண்டு முறை படித்தார். ஊரில் கோதுமைச் சாமான் கண்ணில் பட்டு ஒன்றரை வருஷமாகிறது. அவருக்கும் பசி இருந்தது. ரவை என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு உப்புமா தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. "சூஜி" என்று மொழிபெயர்த்தார்.

காப்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எவ்வளவு?"

சான்றில் அளவு இல்லை. பண்டம் பதுக்குவது குண்டடிபட்டதைவிடப் பெரிய விஷயம் என்பதால், மூன்றாம் நாள் காலை உணவுக் கட்டுப்பாட்டிலிருந்து ஒருவரும் இரண்டு போலீஸ்காரர்களும் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"எங்க வச்சிருக்கே?"

"எதைங்க?"

"ரவை."

டிரசர் சொல்லிக் கொடுத்த சொல் இருளப்பனுக்கு நினைவு வந்தது. "தொடையிலங்க" என்றான், சபை இவ்வளவு சீக்கிரம் ஆள் அனுப்பியதே என்ற சந்தோஷத்தோடு.

"எடு."

"எடுக்க முடியாதுங்க. எடுக்கக் கூடாதுன்னு டிரசரய்யா சொல்லியிருக்காரு."

"யாரு சொன்னா?"

"டிரசரய்யாதாங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

உணவுக் கட்டுப்பாட்டுக்காரர் 'கூட்டாளி: டிரசர்' என்று எழுதிக்கொண்டார். "எடை எத்தனை காத்தி?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க."

'ஒரு காத்தி, ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். சாரத்தைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினான். ஒரு தழும்பு இருந்தது. ரவை இல்லை. அடுப்படியைத் தோண்டினார்கள். கூரையில் கம்பை விட்டுக் குத்தினார்கள். ஒரு பானையில் அரைப்படி மரவள்ளி மாவு இருந்தது. அதை மாதிரிக்கு என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

போலீஸ் போன பிறகு வந்ததுதான் பெரிய வினை. லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக முந்தானைக்குள் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். பாப்பம்மா மூன்றாவதாக வந்தாள்.

"செல்லாயி, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். புள்ளைக்கு வயித்தால போவுது. ஒரு கைப்பிடி போதும். கஞ்சி வச்சுக் குடுத்துட்டு கிண்ணத்தைக் கழுவியே தாரேன்."

"அக்கா, இருந்தா எம் புருசனுக்குக் கிண்டிப் போட மாட்டனா?"

"இருந்துச்சுன்னு அவனே ஒப்புக்கிட்டானாமே."

"அது குண்டுக்கா. தொடையில இருக்கே, அது."

பாப்பம்மா கிண்ணத்தை முந்தானைக்குள் திரும்பச் செருகினாள். "குடுக்க மனசில்லன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன். அதுக்கு ஏன் குண்டு அது இதுன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாதம் பேசவில்லை.

பக்கத்து மர நிரையில் ரப்பர் பால் வெட்டுகிற பழனியாண்டி மட்டும் இருளப்பன் பக்கம் நின்றான். "ரவை வச்சிருக்கவன் தொடையிலயா வப்பான்? எங்கிட்ட குடுத்து வைக்க மாட்டானா? அறிவில்லாத பொம்பளைங்க."

டிரசர் நேரில் வந்தார். "இருளப்பா, தமிழு என்னைக் கவுத்துருச்சு" என்றார். பிறகு கூலிமுக்கு ஒரு விளக்கம் எழுதினார். பரஞ்சோதி அதைப் படித்து, 'ரவை என்பது ரவை அல்ல' என்று ஃபைலில் திருத்தம் போட்டு, விசாரணைக்கு நாள் குறித்தார். ஃபைலின் மேல் அட்டையில் 'ரவை' என்று எழுதியிருந்ததை மாற்ற வழி இல்லை. காகிதத் தட்டுப்பாடு.

விசாரணை காலை எட்டு மணிக்கு. அதாவது சேவல் கணக்கில் ஆறரை. இருளப்பனும் பழனியாண்டியும் விடியுமுன்னே கிளம்பிக் கூலிமுக்கு நடந்தார்கள். பழனியாண்டிக்கும் விசாரணை இருந்தது. அவனும் குண்டடி பட்டவனாக மனுப் போட்டிருந்தான்.

"உனக்கு எப்படா குண்டு பட்டுச்சு?"

"படல அண்ணே. முதுகுல போன வருசம் ராஜபிளவைக் கட்டி வந்துச்சே, தட்டு மாதிரி வடு இருக்கு. நெஞ்சுல அம்மைத் தழும்பு ஒண்ணு. நெஞ்சுல பூந்து முதுகால போயிருச்சுன்னு சொல்லப்போறேன்."

"நம்புவாங்களா?"

"உன்னையே நம்பல. என்னை நம்பக் கூடாதுன்னு என்னா இருக்கு?"

சபை முன்பு இங்கிலீஷ் பள்ளிக்கூடமாக இருந்த கட்டிடத்தில் நடந்தது. வாசலில் நின்ற சோல்ஜருக்கு இடுப்பை மடித்துக் கும்பிட வேண்டும். இருளப்பனுக்கு இடது கால் மடங்காது. பாதிதான் குனிய வந்தது. மீதிப் பாதிக்கு ஒரு அறை விழுந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் காப்டன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தியானம் என்றார்கள். அவருக்குப் பக்கத்தில் சபைத் தலைவர் தர்மலிங்கம்.

தர்மலிங்கம் குண்டு நிபுணர். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும்போது தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர். அவரே எழுந்து இதைச் சொன்னார்.

"இருபது வருஷம் துப்பாக்கிகளோடு பழகியிருக்கிறேன். ஆனால் என் கையால் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆகவேதான் எந்தக் குண்டின் மீதும் எனக்குப் பாரபட்சம் கிடையாது. சுட்டவனுக்குச் சுட்டது மட்டும்தான் தெரியும். தூக்கிக்கொண்டு நடந்தவனுக்குத்தான் குண்டின் கனம் தெரியும்."

சுவரில் இரண்டு படம் தொங்கியது. ஒன்றில் குண்டு ஒரு செம்பருத்திப் பூ மாதிரி விரிந்திருந்தது. அது இங்கிலீஷ் குண்டு. இன்னொன்றில் குண்டு தையல் ஊசி மாதிரி மெலிந்து நீண்டிருந்தது. அது நிப்போன் குண்டு. தர்மலிங்கம் பிரம்பால் சுட்டிக்காட்டினார்.

"எதிரியின் குண்டு ஈயம். கோழைக் குண்டு. உடம்பைத் தொட்டதும் குடை மாதிரி விரிந்துவிடும். விரிந்தால் கை போகும், கால் போகும். எப்போதும் அப்படித்தான். நிப்போன் குண்டு மரியாதை தெரிந்தது. உள்ளே போகும்போதும் குனிந்து போகும், வெளியே போகும்போதும் குனிந்து போகும். உடம்புக்குள் ஒருபோதும் தங்காது. மூன்றாம் நாள் காயம் ஆறிவிடும். பட்டவனுக்கு உடம்பு முன்னைவிட நன்றாகவும் இருக்கும். பொது விதி ஒன்று: குண்டு பட்டவன் பத்தடி பின்னால் தூக்கி எறியப்படுவான். நுழைந்த ஓட்டை சின்னது, வெளியே போன ஓட்டை பெரியது. இதற்கு விலக்குக் கிடையாது. இதைப் பொதுமக்கள் கண்ணாலேயே பார்க்கலாம்."

எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆள் உயர வாழைத்தண்டு ஒன்றுக்குச் சட்டை மாட்டி நட்டிருந்தார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் முப்பதடியில் நின்று சுட்டார். வாழைத்தண்டு அப்படியே நின்றது. சட்டையில் ஒரு சின்ன ஓட்டை. பின்னாலும் சின்ன ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"படலையோ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"பட்டது" என்றார் தர்மலிங்கம். "வாழைக்குப் பயிற்சி இல்லை."

தண்டின் இடுப்பில் கயிறு கட்டி, பியூனைப் பின்னால் பதினைந்தடியில் உட்கார வைத்தார்கள். சுட்டதும் இழுக்க வேண்டும்; மக்களுக்குத் தவறான எண்ணம் ஏற்படக் கூடாது. பியூன் மரவள்ளிக் கிழங்கைத் தவிர எதையும் சாப்பிட்டு மாதக்கணக்காகிறது; துப்பாக்கியைத் தூக்கியதுமே நடுங்கி இழுத்துவிட்டான். வாழைத்தண்டு பத்தடி பின்னால் பறந்து விழுந்தது. அதற்குப் பிறகு சுட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், தட்டச் சொன்னதால். காப்டனும் கண்ணைத் திறந்து தலையாட்டினார்.

"நிப்போன் குண்டு பட வேண்டிய அவசியம்கூட இல்லை என்பதைக் கவனிக்க" என்றார் தர்மலிங்கம்.

முதலில் பழனியாண்டியைக் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றினான். நெஞ்சில் மிளகு அளவு வடு, முதுகில் தட்டு அளவு வடு. தர்மலிங்கம் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எந்தப் பக்கம் விழுந்தாய்?"

"பின்பக்கம்லா, தலைவரய்யா. பத்தடி இருக்கும்."

"இதுதான் காயம்" என்றார் தர்மலிங்கம் சபையைப் பார்த்து. "பாடப் புத்தகத்தில் போட வேண்டிய காயம். குண்டு வெளியே போய்விட்டது. ஆனாலும் இவ்வளவு ஒழுங்காகக் காயம்பட்டவனுக்கு விதியைத் தளர்த்தலாம்." பழனியாண்டிக்கு விலக்குச் சுராட் அப்போதே கிடைத்தது. 'இவரைச் சயாமில் வைக்கக் கூடாது' என்று அதில் எழுதி மூன்று முத்திரை குத்தியிருந்தது.

அடுத்தது இருளப்பன். பரஞ்சோதி படிவத்தை எடுத்தார்.

"காயம் பட்ட வருஷம்?"

"வெள்ளைக்காரன் ஓடுனப்பங்க."

"1941. இப்ப 2603." கழித்துப் பார்த்தார். "காயத்தோட வயசு அறுநூத்தி அறுபத்திரெண்டு வருஷம். பழைய காயம்னு போட்டுக்கிறேன். எந்தப் பக்கம் விழுந்தே? முன்பக்கமா, பின்பக்கமா?"

"விழலைங்க."

"படிவத்துல ரெண்டு கட்டந்தான் இருக்கு."

"ஓடிட்டேங்க. வீட்டுக்குப் போய்த்தான் தெரிஞ்சுது."

பரஞ்சோதி பேனாவை வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தர்மலிங்கம் எழுந்து இருளப்பனின் தொடையைத் தூரத்திலிருந்தே பார்த்தார். நுழைந்த வடு ஒன்று. வெளியே போன வடு இல்லை. பிரம்பை நீட்டினார்.

"நன்றாகக் கேள். உன் உடம்பில் குண்டு தங்கியிருக்கிறது என்கிறாய். நிப்போன் குண்டு தங்காது. ஆகவே அது நிப்போன் குண்டு அல்ல. சரியா?"

"சரிங்க."

"அப்படியானால் இங்கிலீஷ் குண்டு. இங்கிலீஷ் குண்டு பட்டால் கால் போயிருக்கும். உனக்குக் கால் இருக்கிறதா?"

"இருக்குங்க."

"ஆகவே அது இங்கிலீஷ் குண்டும் அல்ல. இரண்டும் இல்லையென்றால் குண்டு இல்லை."

இருளப்பனுக்கு ஒவ்வொரு படியும் விளங்கியது. வந்து சேர்ந்த இடம்தான் விளங்கவில்லை. "ஐயா, ஒருக்கா தொட்டுப் பாருங்க. விரலுக்கு அம்புடும்."

"தொட்டுப் பார்ப்பது சபையின் வேலை அல்ல. முடிவு செய்வதுதான் சபையின் வேலை."

காப்டன் கண்ணைத் திறக்காமலே ஒரு வார்த்தை சொன்னார். "பாவா."

"மாஸ்தர் கருணை காட்டுறாரு" என்றார் பரஞ்சோதி. "குண்டு இருந்தா கொண்டாந்து காட்டணுமாம். ஏழு நாள் தவணை."

திரும்பி நடக்கும்போது பழனியாண்டி சுராட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் வந்தான். லூனாஸ் திருப்பத்தில் சொன்னான், "அண்ணே, எனக்கு வெட்கமாத்தான் இருக்கு. ஆனா குடுத்துர மாட்டேன்."

"நீ வச்சுக்க" என்றான் இருளப்பன். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு வேளைச் சோறாவது வேண்டும்.

ஆர்தர் முதலில் முடியாது என்றார். "உள்ள கிடக்கிற குண்டு உன்னை ஒண்ணும் செய்யாது. அது நெஞ்சுக்கு ஏறும், விஷமாவும்னு லயத்துல சொல்றதெல்லாம் கதை. சதை அதைச் சுத்திக் கூடு கட்டிருச்சு. இப்ப எடுக்கப்போற கத்திதான் ஆபத்து. மருந்து ஒண்ணுகூட இல்ல இருளப்பா. மயக்கத்துக்கு இல்ல, சீழுக்கு இல்ல. எல்லாத்தையும் பட்டாளத்துக்கு எடுத்துக்கிட்டாங்க."

"எடுக்கலைன்னா சயாம், டிரசரய்யா."

ஆர்தர் அடுப்பை மூட்டினார். சவரக் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்.

செல்லாயி தலைப்பக்கம் உட்கார்ந்து தோளை அழுத்திக்கொண்டாள். பழனியாண்டி காலைப் பிடித்தான். பல்லுக்கிடையில் கடித்துக்கொள்ள ஒட்டுப்பால் உருண்டை ஒன்று கொடுத்தார்கள். பதினெட்டு வருஷமாகத் தோட்டத்துக்கு அவன் சீவிச் சீவிக் கொடுத்த ரப்பர், அன்றைக்குத்தான் அவனுக்கு ஒரு உபயோகத்துக்கு வந்தது. ஒட்டுப்பாலில் அவன் பல் பதிந்த இடத்தில் நான்கு பள்ளம் விழுந்தது.

குண்டு சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. பூவாகவும் இல்லை, ஊசியாகவும் இல்லை. ஒரு பக்கம் நசுங்கி, லேசாக வளைந்து, ஆடு தின்று துப்பிய முருங்கைக்காய்த் துண்டு மாதிரி இருந்தது. ஆர்தர் அதைத் தண்ணீரில் கழுவி விளக்குக்கு முன்னால் பிடித்தார். "எலும்புல உரசித் திரும்பிப் படுத்திருக்கு. ரொம்பத் தூரத்துலருந்து வந்த களைப்புக் குண்டு. யாரு வீட்டுக் குண்டோ, யாருக்குத் தெரியும். குண்டுக்கு இலக்கணமெல்லாம் கிடையாதுப்பா. எலும்புல பட்டா ஒரு மாதிரி, கறியில பட்டா ஒரு மாதிரி."

"இதையா ரெண்டு வருசமா சுமந்தே?" என்றாள் செல்லாயி. அதைத் தன் முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

ஏழாம் நாள் இருளப்பனால் நடக்க முடியவில்லை. பழனியாண்டி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். ரப்பர் விளைகிற சீமையில் சைக்கிளுக்கு டயர் இல்லை; சக்கரத்தில் கயிறு சுற்றியிருந்தது. ஒவ்வொரு கல்லும் தொடையில் வந்து முட்டியது.

குண்டை மேசையில் வைத்தார்கள். தர்மலிங்கம் அதைப் பிரம்பு நுனியால் உருட்டினார். பூப் படத்தைப் பார்த்தார். ஊசிப் படத்தைப் பார்த்தார். மறுபடி குண்டைப் பார்த்தார். 

"இது ஒழுங்கீனமான குண்டு" என்றார் கடைசியில். "எந்தப் பக்ஷத்தையும் சேராதது. இப்படிப்பட்ட குண்டுகளால்தான் உலகத்தில் குழப்பம் உண்டாகிறது. இருந்தாலும் குண்டு இருந்தது என்பதைச் சபை பெரிய மனதோடு ஏற்கிறது."

இருளப்பன் பழனியாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியது. அது வலியால்கூட இருக்கலாம்.

"இப்போது விதியைப் படிக்கவும்" என்றார் தலைவர்.

பரஞ்சோதி படித்தார். "குண்டை உடம்புக்குள் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு."

"உன் உடம்புக்குள் குண்டு இருக்கிறதா?"

"இல்லைங்க. இந்தா, மேசையில இருக்கு."

"மேசைக்கு விலக்குக் கேட்டு மனு வரவில்லை" என்றார் தர்மலிங்கம். "காயம் ஆறியதும் ஆள் தகுதியானவன். சயாமுக்குச் சேர்ப்பிக்கவும். அடுத்து."

"அந்தக் குண்டையாச்சும் குடுத்துருங்கய்யா."

"குண்டு சர்க்கார் சொத்து. எந்தச் சர்க்கார் என்பது பிறகு தீர்மானிக்கப்படும்."

பரஞ்சோதி அதை ஒரு காகிதத்தில் மடித்து, மேலே 'ரவை - 1' என்று எழுதி அலமாரியில் வைத்தார்.

லாரி வரவேண்டிய நாள் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் கூலிமில் கொடியை மாற்றினார்கள். கூலிம், பாடாங் செராய் உட்படக் கெடா முழுவதையும் சயாமுக்கே கொடுத்துவிட்டானாம் ஜப்பான்காரன். யாரிடமும் கேட்கவில்லை. பழையபடி ஆபீஸ், பழையபடி வாசல் சோல்ஜர், கம்பத்தில் மட்டும் சிவப்பு, வெள்ளை, நீலமாகக் கோடு போட்ட சயாம் கொடி.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் இருபத்திரண்டு பேரை நிறுத்தினார்கள். இருளப்பன் ஏழாவது ஆள். செல்லாயி ஒரு துணி மூட்டையோடு ஓரத்தில் நின்றாள். லாரியிலிருந்து தர்மலிங்கமும் பரஞ்சோதியும் இறங்கினார்கள். தர்மலிங்கத்தின் சட்டைப் பையில் புது பேட்ஜ் இருந்தது.

"சபை கலைக்கப்படவில்லை" என்று ஆரம்பித்தார். "கொடிகள் மாறும், சபைகள் மாறாது. சயாம் குண்டு எப்படிப்பட்டது என்ற படம் இன்னும் வந்து சேரவில்லை. வரும்வரை சயாம் குண்டு நடுநிலையானது என்று கொள்ளவும்."

பரஞ்சோதி பட்டியலைப் படித்தார். முதல் ஆறு பேர் ரயில் ரோட்டுக் கணக்கு. அவர்களை ஜப்பான் பட்டாளமே நேராக எடுத்துக்கொண்டது. லாரியில் ஏறினார்கள். ஏழாவது பெயருக்கு வந்ததும் பரஞ்சோதி நின்றார். இருளப்பன் கணக்கு சபை வழியாக வந்தது. 'சயாமுக்குச் சேர்ப்பிக்கவும்' என்று இருந்தது. அவர் கொடியை நினைத்தார். உத்தரவைப் பார்த்தார்.

"நீ இப்ப எங்க நிக்கிற?"

"பாடாங் செராய் பக்கங்க."

"அது எந்த நாடு?"

இருளப்பன் யோசித்தான். அறை விழாத பதிலாகத் தேடினான். "தெரியலைங்க."

"சயாம்" என்றார் பரஞ்சோதி. "முந்தாநேத்துலருந்து இது சயாம். தலைவரய்யா, ஆள் சேந்தாச்சு. மறுபடி லாரியில ஏத்துனா ரெண்டு தடவை சேத்ததா ஆவும். கணக்கு இடிக்கும்."

தர்மலிங்கம் உத்தரவை வாங்கிப் படித்தார். அவர் எழுதிய உத்தரவு. அதில் குற்றம் இருக்க முடியாது. 'சேர்ந்தார்' என்று கையெழுத்துப் போட்டார்.

செல்லாயி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பழனியாண்டி சிரித்துவிட்டான். அது தப்பு. பரஞ்சோதி திரும்பிப் பார்த்து, "உன் சுராட் எங்க?" என்று கேட்டார். பழனியாண்டி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். 'இவரைச் சயாமில் வைக்கக் கூடாது.' மூன்று முத்திரை.

"இது சயாம்" என்றார் பரஞ்சோதி, வருத்தத்தோடுதான். "நீ இங்க இருக்கக் கூடாதே."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிறை என்ற ஊர் சயாமில் இல்லை. அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் கேட்டிருந்தார்கள். ஒழுங்காகக் காயம்பட்டவன் என்பதால் பழனியாண்டிக்கு லாரியில் முன்சீட்டு கொடுத்தார்கள். "ராஜபிளவை அண்ணே" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். "அய்யா, அது ராஜபிளவைலா." லாரி புறப்பட்டுவிட்டது. சபை ஒருமுறை ஒப்புக்கொண்ட குண்டை யாரும் திரும்ப வாங்க முடியாது.

அந்த வாரம் அரிசி கொடுக்கிற நாளில் இருளப்பன் கார்டை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஸ்டோருக்குப் போனான். அங்கே பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். இப்போது அரிசியும் சபையின் கீழ் வந்திருந்தது. ஃபைல் 'ரவை' என்று உணவுப் பிரிவில்தான் இருந்ததே. பரஞ்சோதி பேரேட்டைப் புரட்டி, இருளப்பன் பெயரைக் கோடு போட்டு அடித்திருப்பதைக் காட்டினார்.

"நீ சயாமுக்குப் போயிட்டே. போனவங்களுக்கு இங்க அரிசி இல்ல. சயாம்ல வாங்கிக்கணும்."

"இதுதானே சயாம்னு சொன்னீங்க, கிராணியாரே."

"ஆள் விஷயத்துல சயாம். அரிசி விஷயத்துல இன்னும் கெடா. உத்தரவு வரல."

இருளப்பன் கார்டை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டான். இடது காலை இழுத்துக்கொண்டு மரவள்ளிக் கொல்லைப் பக்கம் திரும்பினான். கட்டுப் போட்ட இடம் சாரத்துக்கு மேலே ஈரமாகத் தெரிந்தது. செல்லாயி பார்த்தால் ஆற்றில் இறங்கினாயா என்று கேட்க மாட்டாள்.

"ஏய், இருளப்பா, நில்லு" என்று பரஞ்சோதி கூப்பிட்டார். பழைய படிவத்தைக் கையில் வைத்திருந்தார். "ஃபைலை மூடணும்னு தலைவர் சொல்லிட்டாரு. ஒரு கட்டம் காலியா இருக்கு. எந்தப் பக்கம்தான்யா விழுந்தே? முன்னாலயா, பின்னாலயா? ஒண்ணைச் சொல்லிட்டுப் போ."

இருளப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் விழலைங்க" என்றான். "நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."